கண்ணாடிப் படகுக்குக் கீழே

பிப்ரவரி 2, வெள்ளி

இவர் சாப்பிட்டது: காலையில் இட்லி ஒன்றரை. மதியம் ரசம் சாதம், கைக்குழந்தைக்குப் பிசைகிற அளவு. இரவு பால்.

இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதி எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்றும் நிற்கவில்லை. இருநூறு பிள்ளைகள் போய் இப்போது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளும் எனக்குத் தண்ணி காட்டுகிறார்.

பெட்டி கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் கப்பல் ஏறவேண்டும். லட்சத்தீவு போய் வர ஐந்து நாள். எல்லாம் மகள் செண்பகாவின் ஏற்பாடு. நாற்பதாவது கல்யாண நாள் என்று காரணம் சொல்லியிருக்கிறாள். எங்கள் கல்யாண நாள் ஆவணியில் வருகிறது, இப்போது தை. இவர் அதைக் கேட்கவே இல்லை. "போவோம்ளா, நாம எந்தக் காலத்துல கப்பல்ல போயிருக்கோம்" என்றார். கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

ஆவணிக்கு இவர் இருக்க மாட்டார். அதுதான் காரணம். எழுதிவிட்டேன். இந்த நோட்டில் தவிர வேறெங்கும் இதை நான் சொல்ல முடியாது.

ஐப்பசியில் ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் என்னையும் செண்பகாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, ஆறு மாதம், கூடினால் எட்டு என்றார். செண்பகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாட்ட சொல்ல வேண்டாம்மா, சொன்னா அன்னைக்கே படுத்துருவாங்க" என்றாள். வெளியே வந்து குடல்புண் என்று சொன்னோம். எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். என் மாமனாருக்கு இதே மாதிரி வந்தபோது கடைசிவரை மூலம் என்றே சொல்லி வைத்திருந்தோம். அப்படிச் சொல்லச் சொன்னதே இவர்தான்.

இவர் முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். திருநெல்வேலியில் பாதிப் பேரின் எலும்பு இவருக்குப் பழக்கம். கல்யாண வீட்டில் யாராவது பிலிமை நீட்டினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார். தன்னுடைய பிலிமை மட்டும் கேட்கவில்லை. பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நெல்லையப்பர் புண்ணியத்தில் இதுவரை தேடவில்லை.

வலி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டேன். மறக்காமல் துண்டு, தொப்பி, இவருடைய பச்சை ஸ்வெட்டர்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இவர் சாப்பிட்டது: இட்லி இரண்டு! மகள் வீடு என்றால் தனிப் பசி போலிருக்கிறது.

செண்பகாவும் மாப்பிள்ளை ராஜவேலும் எர்ணாகுளத்தில் இருப்பதால் அங்கிருந்தே நால்வரும் கிளம்பினோம். கப்பல் என்று சொன்னார்கள், பார்த்தால் பெரிய லாட்ஜ் ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது.

கௌண்டரில் இருந்த பெண் என்னிடம் புருஷன் பெயரைக் கேட்டாள். நான் ஆதார் அட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் மறுபடியும் கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்!

"நாப்பது வருஷமா நானே கேட்டுக்கிட்டு இருக்கேன், என்கிட்டயே சொன்னதில்ல. உங்ககிட்டயா சொல்லப் போறா?" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிக்கொண்டாள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். நான் படித்தவள்தான், உத்தியோகம் பார்த்தவள்தான். ஆனாலும் நாக்கு எழாது. இந்த நோட்டில்கூட 'இவர்'தான். அதுவும் இருக்கிற ஆயுளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பேனா?

மேல்தளத்தில் ஒரு போட்டோக்காரர் எல்லாரையும் கப்பல் சக்கரத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம். முடிந்த பிறகு இவர் மட்டும் திரும்பிப் போனார். சக்கரம் வேண்டாம், பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் போதும், நெஞ்சு வரைக்கும், பெரிசு பண்ணினாலும் உடையாத மாதிரி எடுங்கள் என்று அரைமணி நேரம் அவர் உயிரை வாங்கினார். தலைமுடியை மூன்று தடவை சீவினார்.

"என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

"அங்க எந்தப் பொண்ணு இருக்காளோ யாரு கண்டா" என்றார்.

நான் சிரித்தேன். செண்பகா எழுந்து அறைக்குப் போய்விட்டாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிப்ரவரி 5, திங்கள்

இவர் சாப்பிட்டது: காலையில் இட்லி ஒன்று. மதியம் தயிர் சாதம் நான்கு கவளம், எண்ணினேன். மாலையில் ஒரு வாழைப்பழம், பாதியை எனக்குக் கொடுத்துவிட்டார்.

நாள் முழுவதும் தண்ணீர்தான். இவருக்கு அலுக்கவே இல்லை. வீட்டிலும் கடலுக்கு அடியில் காட்டுகிற சானலைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். நாற்பது வருடம் எங்கள் ஊர்க் குறுக்குத்துறை ஆற்றில் தினமும் நீந்தியவர். ஆற்றின் அடியைப் பார்த்தாயிற்று, கடலின் அடியை ஒரே ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்று எப்போது பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருப்பார். சைவக்காரருக்கு மீன் மேல் இவ்வளவு ஆசை, பார்ப்பதற்கு மட்டும். அதற்காகத்தான் இந்தக் கப்பலே. புதன்கிழமை கட்மத் தீவில் ஸ்கூபாவுக்கு, அதாவது கடலுக்கு அடியில் மூழ்கிப் பார்க்க, நால்வருக்கும் செண்பகா சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு வேண்டாம் என்று நான் அன்றே சொல்லிவிட்டேன். குறுக்குத்துறையில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள் நான்.

கப்பலின் நீச்சல்குளத்தில் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் மெர்லின், தூத்துக்குடிக்காரி, நாற்பது வயது இருக்கும். ஆம்பிளைகள் மாதிரி முடி வெட்டியிருக்கிறாள். காற்றுச் சிலிண்டரை ஒற்றைக் கையில் தூக்குகிறாள்.

"மொத ரூலு, கடைசி ரூலு எல்லாம் ஒண்ணுதான். தண்ணிக்குள்ள மூச்சப் பிடிக்கவே கூடாது. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். பிடிச்சிக்கிட்டு மேல வந்தீங்கன்னா நெஞ்சுக்குள்ள காத்து வீங்கிரும்" என்றாள்.

இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏம்மா, முப்பத்தோரு வருஷமா மூச்சப் பிடிங்கன்னு சொல்லியே சம்பளம் வாங்கினவன் நான். என் பொழப்புலயே மண்ணப் போடுதியே!"

பிறகு எக்ஸ்ரே அறைக் குரலில் செய்து காட்டினார். "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க. ஆடாதீங்க. விடலாம்." குளத்தைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

சட்டையைக் கழற்றிவிட்டுக் குளத்தில் இறங்கினார். எக்ஸ்ரே எடுக்காமலே எலும்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மூச்சு விடுகிற ரப்பரை வாயில் வைத்துத் தலையை முக்கி, ஒரு நிமிடம் கழித்து எழுந்தபோது இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. செண்பகா பிறந்த அன்று அப்படி ஒரு முகத்தைப் பார்த்தது.

ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நாளைக் காலை திருப்பித் தரவேண்டும். நெஞ்சுவலி உண்டா, ஆஸ்துமா உண்டா, ஆபரேஷன் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேள்வியாகக் கேட்டிருக்கிறது.

செண்பகா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுருவோம்மா. எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்க."

"கீழ வச்சு ஏதாவது ஆயிட்டா?"

"இதுக்கு மேல என்னம்மா ஆகணும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறைக்கு வந்தால், "என் படிவத்த நானே எழுதிக்கிடுதேன்" என்று சன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இல்லை, இல்லை என்று டிக் அடிக்க ஒரு மணி நேரமா? கண் மங்கிவிட்டது பாவம்.

முடித்த பிறகு என் போனை வாங்கி, கேஸ் சிலிண்டர் எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நடுக்கடலில்! "அதான் நீங்க போடுதீங்களே, எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். "படிச்சு வச்சுக்கோளா" என்றார். மூன்று தடவை என்னைச் செய்து காட்டச் சொன்ன பிறகுதான் விட்டார். இந்தச் சத்துணவு அமைப்பாளருக்குக் கேஸ் பற்றிப் பாடம்!

பிப்ரவரி 6, செவ்வாய், காலை

இட்லி ஒன்று. தீவு தெரிகிறது, தண்ணீர் பச்சையாக இருக்கிறது. மெர்லின் என்னைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, மாலை

இவர் என்ன சாப்பிட்டார் என்று இன்று நான் கவனிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமும் அதன்பிறகும் சேர்த்து இப்படி ஒரு நாள் கிடையாது.

மெர்லின் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, அங்கிள் எழுதியிருக்கத நீங்க பாத்தீங்களா?" என்று படிவத்தை நீட்டினாள்.

இவருடைய எழுத்து. பிலிம் ஓரத்தில் நோயாளி பெயரை எழுதுகிற அதே குண்டு குண்டான பெரிய எழுத்து. வியாதியின் பெயர். கட்டியின் அளவு, புள்ளி வைத்து, மில்லிமீட்டர் வரை. ஈரலில் எத்தனை இடம். ஸ்கேன் எடுத்த தேதி. என்ன மாத்திரை என்ற கேள்விக்கு நேரே, நான் பிதுக்கிப் பிதுக்கிச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டேனே, அந்த மாத்திரையின் உண்மையான பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை. அடியில் கையெழுத்து.

மெர்லின் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். "டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாம என்னால கூட்டிட்டுப் போக முடியாது ஆன்ட்டி. எந்த டாக்டரும் தரமாட்டாங்க. நான் அங்கிள்ட்ட சொல்லும்போதே, 'தெரியும்மா, அதுக்குத்தான் எழுதினேன்'னுட்டாங்க. மனசு கேக்கல, அதான் உங்ககிட்ட சொல்லுதேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

செண்பகாவும் ராஜவேலும் தீவுக்குப் போயிருந்தார்கள். இவர் மேல்தளத்தில் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன். கையில் படிவம். பார்த்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"எப்ப தெரியும்?"

"உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே. ஸ்கேன் ரூம்ல இருந்த ஆளு நான் வேல பழக்குனவன்லா. மொத அவன் முகத்தப் பாத்தேன். அப்புறம் எந்திரிச்சு ஸ்க்ரீனப் பாத்தேன்."

"அப்ப மாத்திரை?"

"சத்து மாத்திரை எந்த ஊர்லளா வலிய நிறுத்தும்? நீ பிதுக்கிப் போட்ட அட்டையக் குப்பையில பாத்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "நாலு மாசமா நான் குளியலறையில குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேனே! ஒரு நாளாவது வந்து கதவத் தட்டினீங்களா?"

"கேட்டுச்சு. தொட்டித் தண்ணி பூராம் போகுதேன்னு இருந்துச்சு."

அந்த மனிதரை அடிக்கத்தான் கை ஓங்கினேன். அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டு மறைக்கீங்க, அத ஏன் கெடுக்கணும்னு இருந்தேன். ஆனா எங்க அப்பாவுக்கு மூலம்னு சொல்லி வச்சோம்லா? அவரு ஒரு நாள் சாயங்காலம் எங்கையப் புடிச்சு, 'ஏய், எனக்கு என்னன்னா'ன்னு ஆரம்பிச்சாரு. நான், 'ஒண்ணுமில்லப்பா, சரியாயிரும்'னு வாய அடைச்சேன். அப்புறம் அவரு பேசவே இல்ல. என்ன சொல்ல வந்தாரோ. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அப்பிடி வேண்டாம்ளா."

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? இந்தப் படிவத்துல போயி எழுதணுமா? இல்லைன்னு போட்டுட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்லா? அதுக்குத்தான கப்பல் ஏறினோம்!"

"போயிருக்கலாம். கீழ வச்சு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு தலையில விடியும்? அந்தப் பிள்ள தலையில. டாக்டர் பண்ணின தப்புக்கு டெக்னீசியன வீட்டுக்கு அனுப்பினத எல்லாம் பாத்தவன்ளா நான். ஒரு நாள் ஆசைக்கு இன்னொருத்தர் பொழப்பக் கெடுக்கவா?"

கையில் இருந்த படிவத்தைக் கசக்கினேன். அப்போது என் முதுகில் கையை வைத்து, அந்தக் குரலில், எக்ஸ்ரே அறைக் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"நாலு மாசமா மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்க. போதும். விடலாம்."

கப்பலில் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. வெட்கமில்லாமல் அழுதேன். இவரும் அழுதார். நாற்பது வருடத்தில் முதல் தடவை.

செண்பகா திரும்பி வந்ததும் இவரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அறைக்கு வெளியே நின்றுகொண்டேன். உள்ளே முதலில் சத்தம், பிறகு அழுகை, பிறகு சிரிப்புக்கூடக் கேட்டது. என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று இரண்டு பேரும் சொல்ல மறுக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "எனக்குப் பதிலா நீ போயிட்டு வா. உனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே. பாத்துட்டு வந்து சொல்லு."

"தண்ணியில மூழ்கவா! எனக்கு என்ன பைத்தியமா?"

"அப்பிடியே உள்ள போயி எம்பேரையும் ஒரு தடவ சொல்லிரு. தண்ணிக்குள்ள யாருக்கும் கேக்காது. கணக்குல வராது."

"சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

இவர் சாப்பிட்டது: காலையில் இட்லி ஒன்று. மதியம் சோறு, மோர்க்குழம்பு, அப்பளம். மோர்க்குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

போனேன்.

ரப்பர் சட்டையை மாட்டும்போதே, திரும்பிப் போய்விடலாமா என்று ஆயிரம் தடவை யோசித்தேன். அறுபத்தொரு வயதில் என்னை இந்தக் கோலத்தில் யாராவது சொந்தக்காரர்கள் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். மெர்லின் என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள், செண்பகா கையைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னாள், சரியாயிற்று. மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று ஊரே கேட்கிற மாதிரி சத்தம். பிடிக்காதே, பிடிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடியில் காலை வைத்தபோது பயம் போய்விட்டது. எப்படிப் போயிற்றென்று சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் இருந்தது. மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்தன. கிளிப் பச்சையில் ஒரு மீன் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது, முறுக்குத் தின்கிற சத்தம் கேட்டது. ஓர் ஆமை வந்தது. எங்களைக் கண்டுகொள்ளாமல், கடைத்தெருவுக்குப் போகிற பெரிய மனுஷி மாதிரி போய்விட்டது.

எல்லாவற்றையும் இவருக்குச் சொல்லவேண்டுமே என்று ஒவ்வொன்றாக மனதில் போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்போது மெர்லின் மேலே காட்டினாள். எங்கள் தலைக்கு மேலே படகு நின்றது. தீவில் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டுகிற படகு அது. நடுவில் தரைக்குப் பதிலாகக் கண்ணாடி போட்டிருக்கும். அவள்தான் சொல்லி ஏற்பாடு செய்து அங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியின் மேல் இவர் குப்புறப் படுத்திருந்தார். மூக்கும் நெற்றியும் கண்ணாடியில் அழுந்தித் தட்டையாகத் தெரிந்தன. காலமெல்லாம் அடுத்தவர்களின் உள்ளே பார்த்தவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வெளிச்சத்தில் அவ்வளவு சின்னதாக இருந்தார்.

சொன்னேனா இல்லையா என்று இங்கே எழுதப்போவதில்லை. வாயில் ரப்பர் இருந்தது. மூச்சை விட்டேன். குமிழிகள் மேலே போய் இவர் முகத்துக்குக் கீழே கண்ணாடியில் முட்டி உடைந்தன.

கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொன்னியா?"

"மூச்சுத்தான் விட்டேன்."

"ஒரு பேரு நீளத்துக்கு இருந்துச்சே, அந்த மூச்சு!"

"விடணும்னு ரூலு. விட்டேன்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு, "ம், ஒண்ணு விடாம சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரம் சொன்னேன். மீன் பாறையைத் தின்கிற சத்தத்தை மட்டும் நான்கு தடவை செய்து காட்டச் சொன்னார்.

பிப்ரவரி 8, வியாழன்

இட்லி ஒன்று. திரும்பிக்கொண்டிருக்கிறோம். சத்து மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். மாத்திரை இனி அட்டையோடு மேசை மேல் இருக்கும்.

மார்ச் 11, திங்கள்

இவர் சாப்பிட்டது: கஞ்சி, ஏழு ஸ்பூன்.

மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆனால் கடலுக்கு அடியில் பார்த்ததைச் சொல்லச் சொல்கிறார். ஒரே கதையை எத்தனை நாள் சொல்வது? இன்று ஆமை மூன்று என்றேன்.

"நேத்து ஒண்ணுதான சொன்ன?"

"இன்னைக்குத்தான் நல்லாப் பாத்தேன்."

இப்போது எல்லாம் பேசுகிறோம். கப்பலில் எடுத்த அந்த வெள்ளைச் சுவர்ப் படம் எதற்கு என்று எனக்குத் தெரிந்துபோனது. எந்த அளவில் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "பாகற்காய் எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியும். செத்துட்டான், இனி என்ன கேக்கவா போறான்னு திவசத்துல கொண்டுவந்து வச்சிராத" என்றார். செண்பகா சிரித்துச் சிரித்து, பிறகு அழுது, பிறகு எல்லாருக்கும் காப்பி போட்டாள். மாமனாரைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அவரிடமும் இப்படி ஒரு மாதம் பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை ஆறே காலுக்கு. நானும் செண்பகாவும் பக்கத்தில் இருந்தோம். வலி இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

சொந்தக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். செண்பகா அடுத்த வாரம்வரை இருக்கிறேன் என்கிறாள். அவளை இரண்டு நாள் ராஜவேலோடு அனுப்பிவைத்தேன். கேஸ் தீர்ந்தது. நானே போனில் பதிவு செய்தேன், முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

இன்று சாப்பிட்டவர்: ஒருவர்.

ஏப்ரல் 24, புதன்

டாக்டர் ஆறு மாதம், கூடினால் எட்டு என்றார். ஆறோடு முடிந்துவிட்டது. மீதி இரண்டு மாதத்தைக் கரைத்தது யார் என்று எனக்குத் தெரியும் என நேற்று முழுவதும் படுத்தே கிடந்தேன். தண்ணீருக்குள் கணக்கில் வராது என்று அவர்தான் சொன்னார். யாரைக் கேட்டுச் சொன்னாரோ! செண்பகா திரும்பி வந்து, ஏம்மா இப்படிக் கிடக்கிறாய் என்று கேட்டாள். வெயில் என்றேன்.

இன்று காலை அவளே என்னைத் தட்டி எழுப்பினாள். இறப்பைப் பதிவு செய்ய மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகவேண்டும். போனோம். ஒரு மணி நேரம் வரிசை. கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "இறந்தவர் பேரு?" என்றார்.

செண்பகா வழக்கம்போல முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான் சொல்லுதேன்" என்றேன். "ஆவுடையப்பன்."

செண்பகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பிறந்து முப்பத்தாறு வருடமாகிறது, என் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டதில்லை. மின்விசிறிச் சத்தத்தில் கம்ப்யூட்டர்க்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். இந்தத் தடவை அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

அங்கிருந்து செண்பகா அவளுடைய வேலையாக வங்கிக்குப் போனாள். நான் மட்டும் ஆட்டோவில் வந்தேன். ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போது குறுக்குத்துறைப் பக்கம் பார்த்தேன். யாரோ ஒருவர் நீந்திக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் மறுபடியும் சொல்லிவிட்டேன், சத்தமாக.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, யாரையோ கூப்பிடுதீங்க?"

"எங்க வீட்டுக்காரர" என்றேன்.